பச்சை வரும்வரை

அக்டோபர் 7, திங்கள்

கண் விழித்ததும் முதல் வேலையாகப் போனை எடுத்து டெஸ்ட் பக்கத்தைத் திறந்தேன். வரிசையாகப் பச்சைக் கட்டங்கள், நடுவில் ஒன்று மட்டும் சிவப்பு. அதைப் பார்த்தபடியே படுத்திருந்ததில் மோட்டார் போட மறந்துவிட்டேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மகள் தாரணி பாத்ரூமிலிருந்து கத்தினாள்.

டைரி எழுதி வெகு காலமாகிவிட்டது. இந்த மாதத்தை மட்டும் எழுதிவைக்க வேண்டும் போலிருக்கிறது. ஏனென்று தெரியவில்லை.

போன வாரம் தாரணியின் கல்லூரித் தோழி, நீங்கள் அப்படி என்ன வேலை பார்க்கிறீர்கள் ஆன்ட்டி என்று கேட்டாள். ஒரு தகவலை ஒரே கணினியில் வைத்தால், அது கெட்டுப்போகும்போது தகவலும் போய்விடும். அதனால் நாங்கள் அதை மூன்று கணினிகளில் எழுதிவைக்கிறோம். குறைந்தது இரண்டு கணினிகளாவது 'எழுதிவிட்டேன்' என்று சொன்ன பிறகுதான் வாடிக்கையாளருக்கு 'பதிவாகிவிட்டது' என்று பதில் போகும். அப்படிச் சொன்ன பிறகு அது தொலையக் கூடாது. இவ்வளவையும் சொன்னேன். "இவ்ளோதானா ஆன்ட்டி?" என்றாள்.

இவ்வளவுதான். இதற்குத்தான் சரவணம்பட்டியில் ஒரு மாடி முழுக்கப் பதினான்கு பேர், அவர்களுக்கு மேனேஜராக நான். ராத்திரியெல்லாம் எங்கள் டெஸ்டுகள் கணினிகளைத் திடீர் திடீரென்று அணைத்துப் போட்டு, கொடுத்த வாக்கு நிற்கிறதா என்று பார்க்கும். நின்றால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு.

ஆபீசுக்குப் போனதும் சம்பத்திடம் காட்டினேன். இந்த டேட்டாபேஸின் மையப் பகுதியை எழுதியவர் அவர். ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். "டெஸ்டுக்கு இன்னைக்கு மூடு சரியில்லீங்க கலா, இன்னொருக்கா ஓட்டிப் பாருங்க" என்றார். எங்கள் டீமில் எல்லோரும் சொல்வதுதான். காரணமில்லாமல் சில டெஸ்டுகள் சில நாள் விழும். ரீரன் போட்டால் எழுந்துவிடும். ஒருமுறை பச்சை வந்தால் பச்சைதான்.

ரீரன் போட்டோம். பச்சை.

டீமில் பெனிட்டா மட்டும் தன் இடத்திலிருந்து எட்டிப் பார்த்து, இதே டெஸ்ட் போன மாதமும் விழுந்தது மேடம் என்றாள். பார்க்கலாம் என்றேன். வரும் இருபத்தைந்தாம் தேதி பெங்களூரில் ரிலீஸ் ரிவ்யூ, புதிய பதிப்பை வெளியிடலாமா என்று முடிவு செய்யும் கூட்டம். நான் கையெழுத்துப் போட வேண்டும். தீபாவளி முடிந்ததும் சேலத்து மருத்துவமனைக் குழுமம் எங்கள் டேட்டாபேஸுக்கு மாறுகிறது. எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வாடிக்கையாளர்.

அக்டோபர் 8, செவ்வாய்

பச்சை.

அக்டோபர் 10, வியாழன்

நாளை விடுமுறை என்பதால் ஆபீசில் இன்றே ஆயுத பூஜை. எல்லா லேப்டாப்புக்கும் சந்தனம், குங்குமம். வைஃபை பெட்டிக்கு மாலை போட்டதில் ஒரு பக்கம் சிக்னல் போய்விட்டது. சம்பத் பெரிய திரையில் அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பெரிதாக்கி, அதற்கும் கற்பூரம் காட்டினார். ஆம், இன்று காலையும் சிவப்பு.

"பெனி, உங்க சைடுல இருந்தும் ஒரு ஜெபம் போட்டு விடுங்க, டெஸ்டுக்கு மூடு வரட்டும்" என்றார் சம்பத்.

"ஜெபம் பண்ணுதேன் சார். ரீரன் பண்ண மாட்டேன்" என்றாள் பெனிட்டா. எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

பொரி கடலை சாப்பிட்டு முடித்ததும் என்னைத் தன் இடத்துக்குக் கூப்பிட்டாள். அந்த ஒரு டெஸ்டை மட்டும் தனியாக எடுத்து, வாரக் கணக்கில் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். எப்போது விழுகிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் கணினி 'எழுதிவிட்டேன்' என்று சொல்லும் நேரத்தில் உண்மையில் டிஸ்கில் எழுதியிருப்பதில்லை. மெமரியில் வைத்துக்கொண்டு சொல்லிவிடுகிறது, கண்ணிமைக்கும் நேரம் கழித்து எழுதுகிறது. வேகத்துக்காக சம்பத் கோடையில் செய்த மாற்றம். அந்த இடைவெளியில் ஒரு கணினி செத்தால் பரவாயில்லை, மற்றொன்றில் இருக்கும். மூன்றாவதுக்குப் போய்ச் சேரும் முன் இரண்டும் ஒன்றாகச் செத்தால், பதிவாகிவிட்டது என்று நாங்கள் சொன்ன தகவல் எங்குமே இருக்காது.

இரண்டும் ஒரே நொடியில் எப்படிப் போகும் என்று கேட்டேன். அவள் இன்னொரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். சேலத்துக்காரர்களுக்காக ஒதுக்கியிருக்கும் மூன்று கணினிகளில் இரண்டு ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. ஒரே மின்சாரம்.

நல்ல வேலை என்று பாராட்டினேன். ரிலீஸ் முடிந்ததும் முதல் வேலையாக இதை எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் குங்குமம் ஏதும் அப்பியிருக்கிறதோ என்று துடைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

பெங்களூரிலிருந்து கிரீஷ் பேசினார். எனக்கு மேலே இருப்பவர், எப்போதும் குரலை உயர்த்த மாட்டார். இன்று இன்னும் மென்மையாகப் பேசினார். வரும் ஆண்டு டேட்டாபேஸ் வேலை முழுவதையும் ஒரே ஊரில் வைப்பது என்று மேலிடத்தில் முடிவாகியிருக்கிறதாம். ஹைதராபாத்தா கோயம்புத்தூரா என்பது இந்த ரிலீஸ் எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்ததாம். தள்ளிப்போனால் தன்னால் வாதாட முடியாது என்றார். நன்றாகப் போனால் எனக்கு டைரக்டர் பதவி என்பதையும் இடையில் சொன்னார்.

சிவப்பு டெஸ்ட் ஒன்று இருக்கிறது என்று ஆரம்பித்தேன். ரிலீஸ் நாளில் பச்சையாக இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றேன். அப்படியானால் அது ரிலீஸுக்குப் பிறகான விஷயம் என்றார்.

நானும் பெனிட்டாவிடம் அதைத்தானே சொன்னேன். ஆக, எங்கள் இருவருக்கும் ஒரே கருத்து.

நல்ல மழை. சாயிபாபா காலனி பாலத்தடியில் தண்ணீர் நின்று, வீடு வந்து சேர வெகு நேரமாகிவிட்டது.

அக்டோபர் 15, செவ்வாய்

காலையில் சிவப்பைப் பார்த்ததும் மொத்த டீமும் சோர்ந்து போய்விடுகிறது. ஆளாளுக்கு அதைப் பற்றியே பேசுகிறார்கள். ரிலீஸ் நெருங்கும் நேரத்தில் இது நல்லதல்ல. அதனால் இன்று சின்னதாக ஒரு மாற்றம் செய்தேன். டெஸ்ட் விழுந்தால் யாரும் கையால் ரீரன் போட வேண்டியதில்லை. தானாகவே மறுபடி ஓடும், பச்சை வரும்வரை. வந்த பிறகுதான் பக்கத்தில் காட்டும்.

நானே புரோகிராம் கோடு எழுதி நாளாகிவிட்டது. கை மறக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது.

தாரணிக்கு எல்.எல்.ஆர். வந்துவிட்டது. என் ஸ்கூட்டரைக் கேட்கிறாள்.

அக்டோபர் 16, புதன்

பச்சை. நன்றாகத் தூங்கினேன்.

அக்டோபர் 18, வெள்ளி

பெனிட்டாவை மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டு, திங்களிலிருந்து திரை டீமுக்கு மாறிக்கொள்ளும்படி சொன்னேன். வாடிக்கையாளர் பார்க்கும் பட்டன், கட்டம், நிறம் எல்லாம் செய்கிற டீம். எத்தனை நாள்தான் ஒரே இடத்தில் இருப்பது, எல்லாப் பக்கமும் தெரிந்திருந்தால் அவளுடைய வளர்ச்சிக்கு நல்லது என்றேன். அவள் நன்மைக்காகத்தான் செய்தேன். கோபம் வந்தால் அவள் பேச்சில் நாகர்கோவில் வந்துவிடும்.

"என் வளர்ச்சிக்கா மேடம்? எனக்க வளர்ச்சி பத்தி இந்த வாரந்தான் யோசிச்சியளோ?"

ரிலீஸ் நேரம், எல்லோரும் அனுசரித்துப் போக வேண்டும் என்றேன். அவள் லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்தாள். கதவருகே நின்று, அந்த டெஸ்ட் இப்போது விழுவதே இல்லையே, எப்படி என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

நேற்றே இட்லிக்கு அரிசி ஊற வைக்க மறந்துவிட்டேன். இரவு உப்புமா.

அக்டோபர் 21, திங்கள்

இன்று சேலத்திலிருந்து டாக்டர் அருணகிரி வந்திருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர். அவர்கள் குழுமத்தில் கணினி விஷயங்களை முடிவு செய்பவரும் அவர்தான். டெமோ பார்க்க வந்தார். அரைக்கைச் சட்டை, கையில் குடை. வாசலில் செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம் என்று தடுத்தோம்.

டெமோ நன்றாகப் போனது. மருந்து எழுதுவது, நிறுத்துவது, பிரிவு மாற்றுவது எல்லாம் மின்னல் வேகத்தில் போனது. சம்பத் நடுவே இரண்டு ஜோக் அடித்தார், டாக்டர் ரசித்துச் சிரித்தார். முடியப்போகும் நேரத்தில், ஒரு சின்ன சந்தேகம் என்றார்.

"மேடம், ராத்திரி ஒரு பேஷண்டுக்கு ஒரு மருந்த நிறுத்தறேன்னு வைங்க. ஸ்கிரீன்ல டிக் வந்திருச்சு. டிக்கப் பாத்ததும் நான் அடுத்த பெட்டுக்குப் போயிருவேன். திரும்பி வந்து பாக்க மாட்டேன், பாக்க நேரமும் இருக்காது. அந்த டிக் அப்புறம் இல்லாமப் போயிராதில்ல?"

அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சம்பத் தன் ஷூவின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகாதுங்க டாக்டர்" என்றேன்.

அவர் தலையசைத்தார். குறிப்பெடுத்துக்கொள்ளக்கூட இல்லை. வாய் வார்த்தையே போதும் என்று நினைத்தார் போலிருக்கிறது. சாப்பிடும்போது அவரிடம், தீவிர சிகிச்சைப் பிரிவில் மருந்து நிற்காமல் போனால் என்ன ஆகும் என்று சும்மாதான் கேட்டேன். அது மருந்தைப் பொறுத்தது என்று சொல்லி ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். சில மருந்தென்றால் ஒன்றும் ஆகாது. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று தெரிந்து நிறுத்துகிற மருந்தென்றால், அடுத்த ஊசியிலேயே தெரிந்துவிடும். சேலம் பக்கம் வந்தால் ஜங்ஷனிலிருந்து கூப்பிடுங்கள், எட்டரை மணிக்கு ரவுண்ட்ஸ் போகிறவரை என் அறையில்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிரீஷ் மாலையில் வாழ்த்து அனுப்பினார்.

அக்டோபர் 22, செவ்வாய்

சம்பத் டீ குடிக்கப் போகலாம் என்றார். ஆபீஸ் கேன்டீனுக்கு இல்லை, வெளியே பேக்கரிக்கு. சாதாரணமாக அவர்தான் பேசிக்கொண்டே இருப்பார். இன்று பாதி டீயைக் குடித்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தார்.

"நேத்து நீங்க சொன்னத நான் சொல்லியிருக்க மாட்டேங்க கலா" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. மாற்றத்தைச் செய்தது அவர். வேகம் வேண்டும் என்று வாக்குவாதம் செய்தது அவர். கற்பூரம் காட்டிச் சிரித்தது அவர். இதையெல்லாம் சொன்னேன். பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அதெல்லாம் செரி. நான் செஞ்சதுதான். ஆனா அவரு எங்கிட்டக் கேட்டிருந்தா, 'வாய்ப்பு ரொம்பக் கம்மிங்க, ஆனா இருக்குதுங்க'ன்னு சொல்லியிருப்பேன். போகவே போகாதுன்னு சொல்ல எனக்கு நாக்கு வந்திருக்காது."

தெரிந்திருந்தால் என்னிடம் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேக்கவே இல்லீங்களே. பெனி காட்டுன அன்னைக்கே எங்கிட்ட வந்து கேப்பீங்கன்னு இருந்தேன். கேக்கல. அப்ப இவங்களுக்கும் தெரியும், தெரிஞ்சுதான் போறாங்கன்னு நெனச்சுட்டேன். எனக்கும் அது வசதியாப் போச்சு."

சரிசெய்ய எவ்வளவு நாளாகும் என்றேன். டிஸ்கில் எழுதிவிட்டுப் பதில் சொல்லும்படி மாற்றுவது ஒரு நிமிட வேலையாம், அதற்கான சுவிட்ச் உள்ளேயே இருக்கிறதாம். ஆனால் வேகம் பாதியாகிவிடும். ஒப்பந்தத்தில் சொன்ன வேகம் வராது. வேகத்தையும் விடாமல் செய்வதென்றால் பொங்கல் வரை ஆகும். இரண்டில் எதைச் செய்தாலும் ரிலீஸ் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் ஹைதராபாத். அவருக்கும் அது தெரிந்திருக்கிறது. போன மாதம்தான் காளப்பட்டியில் வீடு கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியிருக்கிறார்.

திரும்பி நடக்கும்போது, நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் நான் உங்களோடுதான் என்றார். எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டுமாம். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. இப்போதும் கோபமாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர்மேல்தானா என்று தெரியவில்லை.

அக்டோபர் 23, புதன்

வருட மதிப்பீடுகளை இன்றோடு முடித்தாக வேண்டும். எழுதி முடித்துவிட்டு, சம்பந்தப்பட்டவரை எதிரே உட்கார வைத்துத் திரையில் காட்டுவது எங்கள் வழக்கம். பெனிட்டாவுடையதைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். 'முடிந்துபோன விவாதங்களைத் திரும்பத் திரும்பத் திறக்கிறார், குழுவோடு ஒத்துப்போவதில் முன்னேற்றம் தேவை' என்று எழுதியிருந்தேன். அவளைப் பற்றிப் பேச்சு வந்தபோது கிரீஷ் போனில் சொன்ன வார்த்தைகள். என் விரல்கள் தட்டியவை.

அவள் நிதானமாகப் படித்தாள். ஒரு இடத்தில் எழுத்துப்பிழை இருந்தது, அதைச் சுட்டிக் காட்டினாள். திருத்தினேன்.

"மேடம், எனக்கு மார்க் கொறஞ்சதுல ஒண்ணும் இல்ல. ஒரு விஷயம் மட்டும் கேக்கேன். டெஸ்ட் ஒரே பச்சையா இருக்கேன்னு யார் மாத்துனதுன்னு பாத்தேன். எந்த மாத்தம் பண்ணுனாலும் பக்கத்துல பேர் நிக்கும்லா. உங்க பேரு நின்னுச்சு."

நான் லேப்டாப் திரையைப் பாதி மூடினேன்.

"நீங்க கோடு எழுதி நாளாச்சுன்னு சொல்லுவாங்க. நல்லா எழுதியிருக்கிய. ஒரு கொறையும் சொல்ல முடியல" என்றாள்.

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. பார்த்ததைச் சொல்கிறாள். யாரிடமும் சொன்னாயா என்று கேட்டேன். அந்தக் கேள்வி வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே கேட்டது.

"சொல்லல்ல. நான் இப்ப பட்டன் கலர் பாக்குத ஆளு" என்றாள். பிறகு, கண்ணில் நீர் கோத்தது. அவளுக்கு இல்லை, எனக்கு. அவள் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஐந்து மணிக்கு நான் செய்த மாற்றத்தை எடுத்துவிட்டேன். பெனிட்டாவின் மதிப்பீட்டிலிருந்து அந்த இரண்டு வரியையும் அழித்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். நாளைக் காலை டெஸ்ட் உள்ளபடி தெரியும்.

அக்டோபர் 24, வியாழன்

பச்சை.

யாரும் ரீரன் போடவில்லை, தானாகவும் ஓடவில்லை. முதல் ஓட்டத்திலேயே பச்சை. இரண்டு கணினிகளும் நேற்று ராத்திரி ஒரே நொடியில் விழவில்லை, அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். நாளை ரிவ்யூவில் காட்டலாம். நேர்மையான பச்சை. நான் எதையும் மறைக்கவில்லை என்று யார் முன்னாலும் சொல்லலாம்.

காலை முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு கிரீஷ் கூப்பிட்டார். மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், கையெழுத்து முடிந்ததும் அவர்களோடு சாப்பாடு, டைரக்டர் பேச்சை அங்கேயே எடுக்கிறேன் என்றார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெமரி, டிஸ்க், ஒரே கட்டடம், டாக்டர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில். கிரீஷ் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, இதை நான் கேட்டதாக வைத்துக்கொள்ளவில்லை கலாமணி என்றார். வாடிக்கையாளரிடம் எதைப் பேசுவதானாலும் தன் வழியாகத்தான் பேச வேண்டும் என்று நினைவூட்டினார். இன்றைய டெஸ்ட் என்ன நிறம் என்று கேட்டார்.

பச்சை என்றேன்.

பிறகென்ன என்றார்.

மதியம் டீமில் ஒவ்வொருவராக வந்து பெங்களூர் பயணத்துக்கு வாழ்த்துச் சொன்னார்கள். புதிதாகக் கல்யாணமானவன் ஒருவன் ஸ்வீட் வாங்கி வந்து, ஜெயித்துவிட்டு வாருங்கள் என்றான். ஹைதராபாத் விஷயம் எப்படியோ எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. என்னிடம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. சம்பத் தூரத்திலிருந்து கையை மட்டும் உயர்த்தினார். பெனிட்டா அவள் இடத்தில் இல்லை. மாடி மாறிப் போனவளை இங்கே ஏன் தேடினேன்?

என் வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து வேலை முடிந்து சீக்கிரமே வந்துவிட்டார். காலை ரயிலுக்குக் கட்டிக் கொடுக்கிறேன் என்று தானே சப்பாத்திக்கு மாவு பிசைகிறார். மாவில் தண்ணீர் அதிகமாகிவிட்டது. பயமாக இருக்கிறதா என்று கேட்டார். எதற்குப் பயம், கையெழுத்துதானே என்றேன். தாரணி என் பையில் நீலப் புடவையை மடித்து வைத்திருக்கிறாள். போட்டோ எடுத்தால் அது எடுப்பாக இருக்குமாம்.

இரண்டு பேரிடமும் சொல்லிவிடலாம் என்று சமையலறை வாசல் வரை போனேன். சொன்னால் இவர் யோசித்துச் செய் என்பார், தவறாகச் சொல்ல மாட்டார். ஆனால் யோசித்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். இந்த மாதம் முழுவதும் யோசித்துத்தான் செய்தேன்.

பதினான்கு பேரின் வேலை போனாலும் பரவாயில்லை என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. போகக் கூடாது. இங்கேயே இருக்க வேண்டும், சம்பத்தின் வீடு எழும்ப வேண்டும், நானும் அந்த டைரக்டர் நாற்காலியில் உட்கார வேண்டும். இப்போதும் ஆசை இருக்கிறது. பாதி வேகம் போதும் என்று டாக்டரே சொல்லக்கூடும். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் கூடும். அதை அவர்தான் சொல்ல வேண்டும், அவருக்குப் பதிலாக நான் சொல்ல முடியாது. போகாது என்று அவரிடம் சொன்ன வாயால் போகும் என்றும் நானே நேரில் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் நடுவில் வைத்துவிடுவேன்.

ரயில் சேலத்துக்கு எட்டு மணிக்கு முன்பே போய்விடும். என்னிடம் இருப்பது பெங்களூர் வரைக்கும் டிக்கெட். சேலத்தில் இறங்கிவிடுவேன்.